லினக்ஸில் ஃபர்ம்வேர் அப்டேட் ஏறாமல் நின்றால்: நின்ற கட்டத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

லேப்டாப்பில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே பதிந்த ஃபர்ம்வேர் மென்பொருள்) அப்டேட் வந்திருப்பதாக அறிவிப்பு வருகிறது. நிறுவச் சொல்கிறீர்கள். கணினி ரீபூட் ஆகி வழக்கம்போல டெஸ்க்டாப்பில் வந்து நிற்கிறது. பதிப்பு எண் மட்டும் மாறவில்லை. மறுபடி முயன்றாலும் அப்படியே. புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ‘--ஃபோர்ஸ்’ (கட்டாயப்படுத்து) போட்டுப் பார்க்கிறார்கள், அல்லது செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட நிரல்களை மட்டுமே பூட் செய்ய விடும் காவலை) அணைக்கிறார்கள், அல்லது பயாஸ் செட்டிங்கில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுகிறார்கள். மூன்றுமே சிக்கலைப் பெரிதாக்கும். எதையும் தொடுவதற்கு முன் அப்டேட் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் அதற்காக அமைந்ததுதான்.

உபுண்டு, ஃபெடோரா, டெபியன், ஆர்ச் என்று எந்த லினக்ஸ் ஆனாலும் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் எஃப்டபிள்யூஅப்டி என்ற சேவைதான். நோம் சாஃப்ட்வேரும் கேடிஇ டிஸ்கவரும் அடியில் இதைத்தான் கூப்பிடுகின்றன. ஆனால் அவை ‘தோல்வி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும், காரணம் சொல்லாது. ஆகவே டெர்மினலுக்கு வாருங்கள்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். முக்கியக் கட்டளையின் பெயர் ‘எஃப்டபிள்யூஅப்டிஎம்ஜிஆர்’: எஃப், டபிள்யூ, ‘அப்’, டி, எம், ஜி, ஆர் என்று இடைவெளி இல்லாமல். கீழே ‘துணைக்கட்டளை’ என்று வருவதை இந்தப் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டிஸ்க் என்கிரிப்ஷனின் மீட்புச் சாவி. பயாஸ் மாறினால் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் பதிவாகும் அளவீடுகளும் மாறும். லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்ட உங்கள் டிஸ்க் டிபிஎம் வழியாகத் தானே திறக்கும்படி அமைத்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு அது திறக்காமல் போகலாம். பாஸ்வேர்டு ஒன்றும் சேர்த்து வைத்திருக்கிறீர்களா, அது நினைவிருக்கிறதா என்று இப்போதே சோதியுங்கள்.

அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பல புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) நீங்கள் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து வேறொரு இடத்தில் எழுதி வையுங்கள், அல்லது விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்துங்கள். அப்டேட் முடிந்து நீலத் திரை சாவி கேட்கும்போது தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டில் இறங்க வேண்டாம். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்த ஊர்க்காரர்கள் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, லினக்ஸின் மற்ற பேக்கேஜ்களை முழுமையாக அப்டேட் செய்து ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். பழைய எஃப்டபிள்யூஅப்டி, லினக்ஸைப் பூட் செய்யும் நிரல்களான பழைய ஷிம், பழைய கிரப் ஆகியவற்றால் வரும் தோல்விகள் இதோடு தீர்ந்துபோகும்.

2. ஓர் அப்டேட் கடந்து போகும் பாதை

பயாஸ் அப்டேட் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதப்படுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் எல்விஎஃப்எஸ் என்ற பொது சேவையிலிருந்து, எந்தக் கருவிக்கு எந்தப் பதிப்பு என்ற பட்டியல் இறங்குகிறது. பிறகு அந்தப் பட்டியல் உங்கள் கணினியில் உள்ள கருவிகளோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் ஃபர்ம்வேர் கோப்பு இறங்கி, ‘கேப்சூல்’ வடிவில் ஈஎஸ்பி எனப்படும் சிறிய பூட் பார்ட்டிஷனில் வைக்கப்படுகிறது. அதோடு, அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் ‘என்னை இயக்கு’ என்று சொல்லும் குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்படுகிறது.

ரீபூட் செய்தவுடன் லினக்ஸுக்கு முன், மதர்போர்டு நேரடியாக இயக்கும் ஒரு சிறிய ஈஎஃப்ஐ நிரல் ஓடி, கேப்சூலை மதர்போர்டிடம் ஒப்படைத்து, மறுபடி ரீசெட் செய்கிறது. அதன் பிறகுதான் மதர்போர்டே கோப்பின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, ஏற்றுக்கொண்டு எழுதுகிறது, அல்லது மறுக்கிறது.

பட்டியல், பொருத்தம், ஈஎஸ்பியில் வைத்தல், ரீபூட்டில் ஒப்படைத்தல், மதர்போர்டின் தீர்ப்பு: ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றின் தோல்விக்கும் மருந்து வேறு. ஈஎஸ்பியில் இடம் இல்லாமல் நின்ற அப்டேட்டுக்கு பயாஸ் செட்டிங்கை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

3. எங்கே நின்றது என்று பாருங்கள்

‘கெட்-ஹிஸ்டரி’ என்ற துணைக்கட்டளையை இயக்குங்கள். முந்தைய முயற்சிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ‘அப்டேட் ஸ்டேட்’ என்ற வரியையும், இருந்தால் ‘அப்டேட் எரர்’ என்ற வரியையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

உங்கள் முயற்சி இந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் அது முதல் மூன்று கட்டங்களில் நின்றிருக்க அதிக வாய்ப்பு. ‘நீட்ஸ் ரீபூட்’ என்று நின்றால் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. ‘ஃபெயில்டு’ என்று இருந்து, ரீபூட்டில் அப்டேட் ஓடவில்லை என்ற பொருளில் பிழை இருந்தால் நான்காம் கட்டம். மதர்போர்டு சொன்ன காரணத்தோடு இருந்தால் ஐந்தாம் கட்டம்.

அடுத்து பதிவேட்டைப் பாருங்கள்: ‘ஜர்னல்சிடிஎல் -பி -யூ எஃப்டபிள்யூஅப்டி’. இந்த பூட்டில் அந்தச் சேவை சொன்னதெல்லாம் வரும்.

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ போட்டுப் பார்த்து, சேவை ‘இன்ஆக்டிவ்’ என்று இருப்பதைக் கண்டு அதுதான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தச் சேவை தேவைப்படும்போது தானே எழுந்து, வேலை இல்லாதபோது தானே நின்றுவிடும். ‘ஃபெயில்டு’ என்று இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

4. பட்டியல் இறங்காவிட்டால்

‘ரெஃப்ரெஷ்’ துணைக்கட்டளையை இயக்குங்கள். பட்டியல் ஏற்கெனவே புதிதாக இருக்கிறது என்று சொன்னால் அது பிழை அல்ல. அப்படியும் மறுபடி இறக்கத்தான் வேண்டும் என்றால் இங்கே மட்டும் ‘--ஃபோர்ஸ்’ சேர்ப்பதில் ஆபத்தில்லை, ஏனென்றால் இறங்குவது வெறும் பட்டியல்.

பிழை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அப்போது இணையச் சான்றிதழ் சரிபார்ப்பே தோற்கும். அலுவலக, கல்லூரி நெட்வொர்க்கில் இருந்தால் ஒருமுறை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள்.

‘கெட்-ரிமோட்ஸ்’ போட்டால் எல்விஎஃப்எஸ் இயக்கத்தில் இருக்கிறதா என்று தெரியும். இல்லையென்றால் ‘எனேபிள்-ரிமோட் எல்விஎஃப்எஸ்’. அருகிலேயே ‘எல்விஎஃப்எஸ்-டெஸ்டிங்’ என்று ஒன்று இருக்கும். அது சோதனையில் உள்ள ஃபர்ம்வேருக்கானது. தினமும் வேலை செய்யும் கணினியில் அதை இயக்க வேண்டாம்.

5. கருவி தெரிகிறது, ஆனால் அப்டேட்டை ஏற்கவில்லை

‘கெட்-டிவைசஸ்’ போடுங்கள். கணினியில் உள்ள கருவிகள் கிளை கிளையாக வரும். ‘சிஸ்டம் ஃபர்ம்வேர்’ என்பதுதான் பயாஸ். அதன் கீழே ‘அப்டேட்டபிள்’ என்ற கொடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்ற வரியும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

லெகசி பயாஸ் முறையில் அப்டேட் செய்ய முடியாது என்று வந்தால், உங்கள் லினக்ஸ் பழைய பூட் முறையில் நிறுவப்பட்டிருக்கிறது. ‘சிஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘ஈஎஃப்ஐ’ என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால் இது உறுதி. இதற்காக பயாஸில் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றினால் லினக்ஸ் பூட் ஆகாது, பூட்லோடரை மறுபடி நிறுவ வேண்டிவரும். ஒரு பயாஸ் அப்டேட்டுக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 10ஆம் பகுதியில் உள்ள யூஎஸ்பி வழி போதும்.

கேப்சூல் அப்டேட் இல்லை அல்லது செட்டிங்கில் இயக்கப்படவில்லை என்று வந்தால் பயாஸ் செட்டிங்குக்குப் போங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். டெல் கணினிகளில் ‘யூஇஎஃப்ஐ கேப்சூல் ஃபர்ம்வேர் அப்டேட்ஸ்’. லெனோவோ திங்க்பேடில் செக்யூரிட்டி பகுதிக்குள் ‘விண்டோஸ் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அப்டேட்’. பெயரில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸுக்கும் அதுதான் கதவு, அது இயக்கத்தில் இருக்க வேண்டும். எச்பி வணிக லேப்டாப்களில் ‘நேட்டிவ் ஓஎஸ் ஃபர்ம்வேர் அப்டேட் சர்வீஸ்’. அலுவலகக் கணினி என்றால் இவற்றை ஐடி பிரிவு வேண்டுமென்றே மூடியிருக்கலாம், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மின்சாரம் போதவில்லை என்று வந்தால் சார்ஜரை நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள், டாக் (கூடுதல் போர்ட்டுகள் தரும் இணைப்புப் பெட்டி) வழியாக வேண்டாம். பேட்டரி எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பது கணினிக்குக் கணினி வேறுபடும். பேட்டரி கெட்டுப்போய்க் கழற்றி வைத்திருக்கும் லேப்டாப்களில் இந்தத் தடை கடைசிவரை நீங்காமல் போகலாம்.

இன்னொரு வகைப் பிழை: குறிப்பிட்ட பதிப்புக்கு மேற்பட்ட எஃப்டபிள்யூஅப்டி தேவை என்று வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் இது அடிக்கடி நடக்கும். வேறு ஏதோ தளத்திலிருந்து பேக்கேஜை இறக்கிப் போடாமல், உங்கள் லினக்ஸின் அடுத்த பதிப்புக்கு மாறுங்கள். சில அப்டேட்கள் இடைப்பட்ட பயாஸ் பதிப்பு ஒன்றை முதலில் கேட்கும். அப்போது ‘இன்ஸ்டால்’ துணைக்கட்டளையில் அந்த இடைப்பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றிவிட்டுப் பிறகு மேலே போக வேண்டும்.

அப்டேட்டே இல்லை என்று வருவது தோல்வி அல்ல. தயாரிப்பு நிறுவனம் உங்கள் மாடலுக்கான கோப்பை எல்விஎஃப்எஸ்ஸில் வைக்கவில்லை. உங்கள் பக்கம் சரிசெய்ய எதுவும் கிடையாது.

6. ஈஎஸ்பியில் வைக்க முடியாமல் நின்றால்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பிழைச் செய்தி ஒன்று, உண்மைக் காரணம் வேறு என்று இருக்கும். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஈஎஸ்பி கண்டுபிடிக்கப்படுகிறதா? ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ போட்டால் பார்ட்டிஷன்கள் வரும். ‘விஃபேட்’ வகையில், சில நூறு எம்பி அளவில், ‘/பூட்/ஈஎஃப்ஐ’, ‘/ஈஎஃப்ஐ’, ‘/பூட்’ ஆகிய இடங்களில் ஒன்றில் மவுன்ட் ஆகியிருப்பது (இணைக்கப்பட்டிருப்பது) அது. அங்கே இருந்தும் எஃப்டபிள்யூஅப்டி காணவில்லை என்றால் இரண்டு காரணங்களைச் சந்தேகியுங்கள்.

ஒன்று, யூடிஸ்க்ஸ்2 பேக்கேஜ் இல்லாமை. ஆர்ச் போன்ற சிறிய நிறுவல்களில் இது தானாக வந்திருக்காது. ஈஎஸ்பியைத் தேட எஃப்டபிள்யூஅப்டி அதைத்தான் நம்பியிருக்கிறது. இன்னொன்று, பார்ட்டிஷனின் வகை தவறாகக் குறிக்கப்பட்டிருப்பது. விஃபேட் என்றாலே ஈஎஸ்பி ஆகிவிடாது. பார்ட்டிஷன் அட்டவணையில் அதற்கென்று ஒரு வகைக் குறியீடு இருக்கிறது. ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் நிரலைத் திறந்து, அந்தப் பார்ட்டிஷனின் கொடிகளில் ‘ஈஎஸ்பி’ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குறியுங்கள். தரவு எதுவும் அழியாது.

இரண்டு டிஸ்க், இரண்டு ஈஎஸ்பி உள்ள கணினிகளில் எது என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. ‘/ஈடிசி/எஃப்டபிள்யூஅப்டி’ ஃபோல்டரில் உள்ள ‘எஃப்டபிள்யூஅப்டி.கான்ஃப்’ கோப்பில் ‘ஈஎஸ்பிலொகேஷன்’ என்ற வரியில் மவுன்ட் இடத்தைக் கொடுங்கள். அந்த ஒரு சொல்லில் முதல் எழுத்தான ‘ஈ’யும், ‘லொகேஷ’னின் ‘எல்’லும் மட்டும் பெரிய எழுத்து. செருகியிருக்கும் பென் டிரைவ்களை அப்டேட்டுக்கு முன் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டாலர் பென் டிரைவிலும் ஓர் ஈஎஸ்பி இருக்கும்.

அடுத்து இடம். இயல்பாக, கேப்சூலின் அளவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு காலி இடம் ஈஎஸ்பியில் கேட்கப்படும். 32 எம்பி கேப்சூலுக்கு 64 எம்பி. விண்டோஸ் வழக்கமாக உருவாக்கும் ஈஎஸ்பி 100 எம்பிதான். அதிலேயே லினக்ஸ் கர்னல்களும் குடியிருந்தால் இடம் எங்கிருந்து வரும்? பயன்படுத்தாத பழைய கர்னல்களை பேக்கேஜ் மேலாளர் வழியாக நீக்குங்கள். ‘ஈஎஃப்ஐ’ ஃபோல்டருக்குள் உங்கள் லினக்ஸின் பெயரில் உள்ள ஃபோல்டர், அதற்குள் ‘எஃப்டபிள்யூ’ என்பதில் முந்தைய தோல்விகளின் ‘.கேப்’ கோப்புகள் தங்கியிருக்கலாம். காத்திருக்கும் அப்டேட் எதுவும் இல்லாதபோது அவற்றை அழிக்கலாம். ‘மைக்ரோசாஃப்ட்’ ஃபோல்டரையும், எது என்று தெரியாத மற்றதையும் தொடாதீர்கள்.

இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால், ஈஎஸ்பி படிக்க மட்டுமேயான நிலைக்குப் போயிருக்கலாம். கணினி திடீரென்று அணைந்தபின் ஃபேட் கோப்பு முறைமையில் பிழை வந்தால் கர்னல் இப்படிச் செய்யும். அந்தப் பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்து ‘எஃப்எஸ்சிகே.விஃபேட்’ ஓட்டுங்கள். மவுன்ட் ஆன நிலையில் ஓட்டக் கூடாது.

மிக அதிகமாகக் குழப்புவது கடைசியில் வருகிறது. ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று பிழை வரும், டிஸ்க்கிலும் ஈஎஸ்பியிலும் தாராளமாக இடம் இருக்கும். நிரம்பியிருப்பது மதர்போர்டின் என்வீரேம்: பூட் வரிசை, செக்யூர் பூட் சாவிகள் போன்றவை வாழும் சிறிய நினைவகம். கர்னல் நொறுங்கிய சமயங்களில் அதன் குறிப்புகள் அங்கே சேமிக்கப்பட்டு, அழிக்கப்படாமல் சேர்ந்திருக்கும். ‘/சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர்’ ஃபோல்டரைப் பாருங்கள். அங்கே கோப்புகள் இருந்தால், தேவையானால் நகலெடுத்துவிட்டு, அவற்றை மட்டும் அழித்து ரீபூட் செய்யுங்கள். இடத்துக்காக ‘ஈஎஃப்ஐவார்ஸ்’ ஃபோல்டரில் கைவைக்காதீர்கள். அங்கே தவறான ஒன்றை அழித்து, கணினியே எழாமல் போன நிகழ்வுகள் உண்டு.

7. ரீபூட்டில் அப்டேட் ஓடவே இல்லை என்றால்

அப்டேட்டை மறுபடி தயார் செய்யுங்கள். ரீபூட் செய்யவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு ‘ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ என்ற கட்டளையைத் தனியாக இயக்குங்கள். ‘பூட்நெக்ஸ்ட்’ என்ற வரி தெரிய வேண்டும். அதில் உள்ள எண், ‘லினக்ஸ் ஃபர்ம்வேர் அப்டேட்டர்’ என்ற பதிவின் எண்ணாக இருக்க வேண்டும்.

இருக்கிறது என்றால் குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. ரீபூட்டில் மதர்போர்டுதான் அதை மதிக்கவில்லை. திங்க்பேடில் ‘பூட் ஆர்டர் லாக்’ இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள். ரீபூட் நடக்கும்போது எஃப்12 போன்ற விசைகளை அழுத்த வேண்டாம். இந்தக் குறிப்பு ஒருமுறைக்கு மட்டுமே செல்லும்; நீங்கள் மெனுவுக்குள் போனால் அது வீணாகிவிடலாம். அதேசமயம், இயல்பான ரீபூட்டில் தொடர்ந்து ஓடாத கணினிகளில், பூட் மெனுவிலேயே ‘லினக்ஸ் ஃபர்ம்வேர் அப்டேட்டர்’ தெரிந்தால் அதைக் கையால் தேர்ந்தெடுப்பது ஒரு நல்ல மாற்று.

ரீபூட் என்றால் உண்மையான ரீபூட். ‘சாஃப்ட்-ரீபூட்’, ‘கேஎக்செக்’ ஆகியவை மதர்போர்டைத் தொடாமல் லினக்ஸை மட்டும் மறுபடி தொடங்கும். அவற்றில் அப்டேட் ஓட வழியே இல்லை.

‘பூட்நெக்ஸ்ட்’ வரி இல்லையென்றால், உங்கள் கணினி கேப்சூலை டிஸ்க்கிலிருந்தே எடுக்கும் புதிய முறையைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். ஈஎஸ்பிக்குள் ‘ஈஎஃப்ஐ’, அதற்குள் ‘அப்டேட்கேப்சூல்’ என்ற ஃபோல்டரில் கோப்பு இருந்தால் அந்த முறைதான். சில மதர்போர்டுகள் இந்த முறை தெரியும் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விடும். அப்படிப்பட்டவற்றில் ‘எஃப்டபிள்யூஅப்டி.கான்ஃப்’ கோப்பின் ‘யூஇஎஃப்ஐ_கேப்சூல்’ பகுதியில் ‘டிசேபிள்கேப்சூல்அப்டேட்ஆன்டிஸ்க்’ (ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து) என்பதற்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால் பழைய முறைக்குத் திரும்பும்.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்தச் சிறிய ஈஎஃப்ஐ நிரல் கையெழுத்திடப்பட்டதாக இருக்க வேண்டும். ‘.ஈஎஃப்ஐ.சைன்டு’ என்று முடியும் கோப்பு காணவில்லை என்று பிழை வந்தால், உபுண்டுவில் ‘எஃப்டபிள்யூஅப்டி-சைன்டு’ பேக்கேஜை நிறுவுங்கள். ஆர்ச்சில் சொந்தச் சாவியால் செக்யூர் பூட் அமைத்திருப்பவர்கள், எஸ்பிசிடிஎல் என்ற கையெழுத்திடும் கருவியைக் கொண்டு அந்த நிரலையும் கையெழுத்திட வேண்டும். ஷிம் இல்லாமல் பூட் செய்பவர்கள் அதே ‘யூஇஎஃப்ஐ_கேப்சூல்’ பகுதியில் ‘டிசேபிள்ஷிம்ஃபார்செக்யூர்பூட்’ (இதிலும் பெரிய எழுத்துகள் அப்படியே) என்பதையும் ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் போவது எளிதாகத் தெரியும். ஆனால் அதை அணைத்தால் டிபிஎம்மின் பிசிஆர் 7 (செக்யூர் பூட் நிலையைப் பதியும் இடம்) அளவீடு மாறும். அதனுடன் கட்டப்பட்ட டிஸ்க் சாவி வேலை செய்யாது.

8. மதர்போர்டே மறுத்தால்: எண்ணைப் படியுங்கள்

கேப்சூல் ஒப்படைக்கப்பட்டு, மதர்போர்டு மறுத்தால் காரணத்தை ஓர் எண்ணாக எழுதி வைக்கும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ/ஈஎஸ்ஆர்டி/என்ட்ரீஸ்’ என்ற இடத்தில் ‘என்ட்ரி0’, ‘என்ட்ரி1’ என்று ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஃபர்ம்வேர். ‘எஃப்டபிள்யூ_டைப்’ கோப்பில் 1 என்று இருப்பது முதன்மை பயாஸ். அதே ஃபோல்டரில் ‘லாஸ்ட்_அட்டெம்ப்ட்_ஸ்டேட்டஸ்’ கோப்பை சுடோ (நிர்வாகி உரிமை) போட்டுப் படியுங்கள்.

0 என்றால் கடைசி முயற்சி வெற்றி. 1 என்றால் பொதுவான தோல்வி, காரணம் சொல்லப்படவில்லை. 2 போதிய வளம் இல்லை. 3 பதிப்பு பொருந்தவில்லை. 4 கோப்பின் வடிவம் தவறு. 5 கையெழுத்துச் சரிபார்ப்பில் தோல்வி. 6 சார்ஜர் இல்லை. 7 பேட்டரி போதவில்லை. 8 என்றால் முன்தேவை ஒன்று நிறைவேறவில்லை. இவை யூஇஎஃப்ஐ வரையறையில் உள்ள எண்கள். எந்த நிறுவனத்தின் கணினிக்கும் பொருந்தும்.

எண் 3 வந்தால் அதே ஃபோல்டரில் உள்ள ‘லோவஸ்ட்_சப்போர்ட்டட்_எஃப்டபிள்யூ_வெர்ஷன்’ கோப்பையும் பாருங்கள். அதில் உள்ள எண்ணுக்குக் கீழான பதிப்பை மதர்போர்டு ஏற்காது. பழைய பதிப்புக்கு இறங்க முயல்பவர்களை நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். பாதுகாப்புக்காக வைத்த பூட்டு அது. உடைக்க முயல வேண்டாம்.

4 அல்லது 5 வந்தால் கோப்பு சேதமடைந்திருக்கலாம். ஈஎஸ்பியைச் சரிபார்த்து, புதிதாக இறக்கி ஒருமுறை முயலுங்கள். மறுபடியும் அதே எண் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றாம் முறையில் வேறு விடை வராது. 6, 7 வந்தால் பேட்டரியை முழுதாக நிரப்பி, சார்ஜரோடு முயலுங்கள்.

‘லாஸ்ட்_அட்டெம்ப்ட்_வெர்ஷன்’ பழைய எண்ணாகவே இருக்கிறது, நீங்கள் ஏற்ற முயன்ற பதிப்பு அங்கே பதிவாகவே இல்லை என்றால், கேப்சூல் மதர்போர்டிடம் போய்ச் சேரவில்லை. 7ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

அப்டேட் ஓடும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம், விசிறி முழு வேகத்தில் சுற்றலாம், கணினி தானாகப் பலமுறை ரீபூட் ஆகலாம். பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.

9. டிபிஎக்ஸ் அப்டேட்: தனி வகை

‘யூஇஎஃப்ஐ டிபிஎக்ஸ்’ என்று வருவது பயாஸ் அல்ல. இனி பூட் செய்ய அனுமதிக்கக் கூடாத, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பூட்லோடர்களின் தடைப்பட்டியல். இது ஏறாமல் நிற்பதற்கு முதல் காரணம், தடைசெய்யப்பட்ட ஒரு நிரல் உங்கள் ஈஎஸ்பியில் இருப்பதுதான். எஃப்டபிள்யூஅப்டி அந்தக் கோப்பின் பாதையோடு பிழை சொல்லி நிறுத்தும்.

நிறுத்துவது உங்களைக் காப்பாற்ற. கட்டாயப்படுத்தி ஏற்றினால், அடுத்த பூட்டில் உங்கள் சொந்த லினக்ஸையே மதர்போர்டு மறுக்கும்.

பாதையைப் பாருங்கள். அது இப்போது நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸின் ஃபோல்டர் என்றால் ஷிம், கிரப் பேக்கேஜ்களை அப்டேட் செய்யுங்கள். எப்போதோ நீக்கிவிட்ட வேறொரு லினக்ஸின் ஃபோல்டர் என்றால், நகலெடுத்து வைத்துவிட்டு நீக்கலாம். ‘ஈஎஃப்ஐ/பூட்’ ஃபோல்டரில் உள்ள ‘பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’ என்றால், முதன்மை ஷிம் புதுப்பிக்கப்பட்டும் இந்த மாற்று நகல் பழையதாகவே விடப்பட்டிருக்கும். உங்கள் லினக்ஸின் ஷிம் பேக்கேஜை மறுநிறுவல் செய்து, இந்த நகலும் மாறியதா என்று பாருங்கள்.

டிபிஎக்ஸ் ஏறியபின் பழைய லைவ் பென் டிரைவ்கள் பூட் ஆகாமல் போகலாம். மீட்புக்கென்று ஒன்று வைத்திருப்பவர்கள் புதிய ஐஎஸ்ஓவால் அதை மறுபடி எழுதி வையுங்கள். பிசிஆர் 7 மாறும் என்பதால் முதல் பகுதியில் சொன்ன மீட்புச் சாவி இங்கேயும் தேவைப்படும்.

10. டாக், எஸ்எஸ்டி, ரிசீவர், கடைசி வழி

யூஎஸ்பி டாக்குகளில் சிலவற்றில், கேபிளைக் கழற்றும்போதுதான் அப்டேட் அமலாகும். பதிப்பு மாறவில்லை என்று மறுபடி ஏற்றுவதற்கு முன், டாக்கின் கேபிளைக் கழற்றி, அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி செருகிப் பாருங்கள். என்விஎம்ஈ எஸ்எஸ்டிக்கு ரீபூட் போதாவிட்டால் முழுவதுமாக அணைத்து இயக்குங்கள்.

வயர்லெஸ் மவுஸ் ரிசீவர் போன்ற கருவிகள் அப்டேட்டின்போது வேறொரு யூஎஸ்பி அடையாளத்தோடு மறுபடி தோன்றும். யூஎஸ்பிகார்டு (அனுமதியில்லாத யூஎஸ்பி கருவிகளைத் தடுக்கும் நிரல்) ஓடும் கணினிகளில் அந்தப் புதிய அடையாளம் தடுக்கப்பட்டு, அப்டேட் பாதியில் நிற்கும். அந்த நேரத்துக்கு அனுமதி கொடுங்கள். ஹப் வழியாகச் செருகியிருந்தால் கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

எல்லாம் பார்த்தும் பயாஸ் ஏறவில்லை என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கோப்பை இறக்கி, ஃபேட்32 பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் வசதியால் ஏற்றுங்கள். மாடல் எண்ணை, கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் முழுப் பெயரோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் வேறு மதர்போர்டு.

பிழையை உருவாக்குநர்களிடம் கொண்டுபோவதென்றால் நான்கு விஷயங்களைச் சேர்த்துக் கொடுங்கள்: ‘கெட்-டிவைசஸ்’ வெளியீடு, ‘கெட்-ஹிஸ்டரி’ வெளியீடு, 8ஆம் பகுதியில் படித்த எண், ‘ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி’ வெளியீடு. ‘ரிப்போர்ட்-ஹிஸ்டரி’ என்ற துணைக்கட்டளை உங்கள் ஒப்புதலோடு தோல்வி விவரத்தை எல்விஎஃப்எஸ்ஸுக்கு அனுப்பும்; கோப்பை வெளியிட்ட நிறுவனமும் அதைப் பார்க்க முடியும். அனுப்பும் முன் காட்டப்படும் விவரங்களை ஒருமுறை படித்துவிட்டு அனுமதி கொடுங்கள்.